கொங்கு வட்டாரத்துக்குக் கரியமில வாயுச் சேமிப்புத் திட்டம் தீட்டுவது எப்படி

கோவைப் பக்கத்து வார்ப்பாலைகளில் வேலை பார்த்தவர்களுக்குக் கரியமில வாயு புதிய சரக்கு அன்று. சோடியம் சிலிக்கேட் கலந்த மணலை அச்சில் அடைத்து, சிலிண்டரிலிருந்து சில விநாடிகள் அந்த வாயுவைச் செலுத்தினால், விரலால் உதிர்த்துவிடக்கூடிய மணல் கல்லாக இறுகிவிடும். காசு கொடுத்துச் சிலிண்டரில் வாங்கும் அதே வாயுவை, நாளொன்றுக்கு 3,000 டன் கிளிங்கர் (அரைத்தால் சிமெண்டாகும் சுட்ட கட்டி) சுடும் ஒரு சிமெண்ட் ஆலை மணிக்கு நூறு டன் அளவில் புகைபோக்கி வழியே விட்டுக்கொண்டிருக்கிறது. அதைப் பிடித்து, அழுத்தி, எடுத்துச் சென்று நிலத்தடியில் அடைக்கும் திட்டத்தை ஓர் ஆலைக்கென்று இல்லாமல் வட்டாரத்துக்கே சேர்த்து எப்படித் தீட்டுவது என்பதுதான் இக்கட்டுரையின் பொருள். தொழில் சங்கங்களில் இருப்போர், ஆலைகளின் பொறியியல் பிரிவில் இருப்போர், ஊராட்சிகளில் இருப்போர் ஆகிய மூவரையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

தொடக்கத்திலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இத்தகைய திட்டங்களின் அறிக்கைகளைப் புரட்டினால் பெரும்பாலும் முதல் நூறு பக்கம் புகைபோக்கியைப் பற்றியும், கடைசிப் பத்துப் பக்கம் வாயு போய்ச் சேரும் இடத்தைப் பற்றியும் இருக்கும். கொங்கு வட்டாரத்தில் அந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். ஏனெனில் வாயு இங்கே நிறைய இருக்கிறது, அதை அடைக்கும் பாறை இங்கே இல்லை.

முதலில் பாறை

கரியமில வாயு 31 டிகிரி செல்சியஸ் வெப்பத்தையும் சுமார் 74 பார் அழுத்தத்தையும் தாண்டும்போது, திரவத்தைப் போன்ற அடர்த்தியும் வாயுவைப் போன்ற ஓட்டமும் கொண்ட ஒரு நிலையை அடைகிறது. நிலத்துக்குள் ஏறத்தாழ 800 மீட்டருக்குக் கீழே இந்த நிலை இயல்பாகவே அமைவதால், சேமிப்புக்கான இடத்தை அதற்கும் ஆழத்தில்தான் தேடுகிறார்கள். அந்த ஆழத்தில் இரண்டு பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்க வேண்டும். வாயுவை வாங்கிக்கொள்ள நுண்துளைகள் நிறைந்த மணற்பாறை அடியிலும், அது மேலே ஏறாமல் தடுக்கக் களிப்பாறை போன்ற இறுக்கமான மூடுபாறை அதன் மேலும் அமைய வேண்டும். நார்வேயின் ஸ்லெய்ப்னர் எரிவாயுக் களத்தில் 1996 முதல் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் வரை கடலடி மணற்பாறைக்குள் செலுத்தி வருகிறார்கள் என்றால், அங்கே இந்த இரண்டும் அமைந்திருப்பதே காரணம்.

நம் காலுக்குக் கீழே இருப்பது வேறு. கோவை முதல் சேலம் வரை எங்கே போர் போட்டாலும் மண்ணைத் தாண்டியதும் சார்னோகைட், நைஸ் என்னும் கடினப்பாறைகள்தான் வரும். ஆயிரம் அடி இறக்கியும் புகைதான் வந்தது என்று சொல்லாத தோட்டக்காரர் எங்கள் பக்கம் குறைவு. தண்ணீரையே விரிசல்களில் மட்டும் வைத்திருக்கும் இந்தப் பாறை கோடிக்கணக்கான டன் வாயுவை வாங்காது, வாங்கினாலும் அந்த விரிசல் எங்கே போய் முடிகிறது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே உள்ளூரிலேயே ஆழ்துளை போட்டு அடைத்துவிடலாம் என்று யாரேனும் முன்வந்தால், அந்தப் பேச்சை அன்றே முடித்துக்கொள்வது நல்லது.

ஒரு விதிவிலக்கை மட்டும் இங்கே குறிப்பிட வேண்டும். சேலத்துக்கு வடக்கே உள்ள சுண்ணாம்புக் கரட்டில் டியூனைட் என்னும் மெக்னீசியம் நிறைந்த பாறையும், அதில் நரம்பு நரம்பாக வெள்ளை மேக்னசைட்டும் கிடக்கின்றன. மேக்னசைட் என்பதே பாறையிலிருந்த மெக்னீசியம் கரியமில வாயுவோடு சேர்ந்து இறுகியதால் உண்டான கல். அதன் எடையில் பாதிக்குமேல், அதாவது 52 விழுக்காடு, கரியமில வாயுதான். மனிதர் செய்ய நினைக்கும் வேலையை இயற்கை சேலத்தில் முன்பே செய்து வைத்திருக்கிறது. உலைகளுக்கான செங்கல் செய்வதற்காக அந்தக் கல்லைச் சுட்டு, அடைபட்டிருந்த வாயுவை நாம் வெளியே விட்டு வந்திருக்கிறோம் என்பது இதன் மறுபக்கம். ஐஸ்லாந்தின் கார்ப்ஃபிக்ஸ் திட்டத்தில் வாயுவைத் தண்ணீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்தியபோது, அதில் 95 விழுக்காட்டுக்கு மேல் இரண்டு ஆண்டுக்குள் கல்லாகிவிட்டதாக 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அந்த முறைக்கு ஒரு டன் வாயுவுக்கு ஏறத்தாழ 25 டன் தண்ணீர் வேண்டும். சேலத்தில் அதைக் கேட்பவர் எந்த முகத்தோடு கேட்பார்? எனவே சுண்ணாம்புக் கரட்டை ஆய்வுக்கும் சிறு சோதனைக்கும் உரிய இடமாகத் திட்டத்தில் எழுதுங்கள்; கொள்ளளவுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

உண்மையான கொள்ளளவு கிழக்கே, காவிரிப் படுகையில் இருக்கிறது. திருச்சியைத் தாண்டியதும் கடினப்பாறை கீழே சரிந்து, அதன்மேல் படிவுப் பாறைகள் அடுக்கடுக்காகத் தொடங்கிக் கடலுக்குள்ளும் நீள்கின்றன. நரிமணம், குத்தாலம், கோவில்களப்பால் போன்ற இடங்களில் எண்ணெயும் எரிவாயுவும் எடுத்திருப்பதால், அங்கே மணற்பாறையும் மூடுபாறையும் உண்டு என்பது தெரிந்த செய்தி. ஆனால் அந்த மண் டெல்டா மண். 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களிலும் புதிதாக எண்ணெய், எரிவாயு தேடுவதையும் துளையிட்டு எடுப்பதையும் தடுத்திருக்கிறது. எடுப்பதற்குத்தானே தடை, அடைப்பதற்கு இல்லையே என்று வாதாட ஒரு வழக்கறிஞர் கிடைப்பார். அந்த வாதத்தின்மேல் ஒரு திட்டத்தைக் கட்டக்கூடாது என்பது என் எண்ணம். நெடுவாசலைப் பார்த்த டெல்டாவில் சட்டத்தின் சந்துவழியாக நுழையும் எதுவும் நிலைக்காது. கரையிலிருந்து விலகிய கடலடிப் பாறையையே இலக்காக வைத்துக்கொண்டு, குழாய் கடற்கரையைத் தொடும் ஓரிடத்தை மட்டும் டெல்டா மக்களோடு பேசி முடிவு செய்வதாகத் திட்டம் இருக்கட்டும். செலவு கூடும். அதை முதல் நாளிலேயே கணக்கில் காட்டிவிட வேண்டும்.

எவ்வளவு இடம் வேண்டும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 10 லட்சம் டன் வீதம் 25 ஆண்டுகள் அடைத்தால் மொத்தம் 2.5 கோடி டன். ஆழத்தில் ஒரு கனமீட்டருக்கு 650 கிலோ என்று அடர்த்தியை வைத்தால் அது 3.85 கோடி கனமீட்டர். பாறையின் நுண்துளைகளில் முன்பே உப்புநீர் நிரம்பியிருப்பதால், துளைவெளியில் 2 விழுக்காடுதான் நமக்குக் கிடைக்கும் என்று கொண்டால், 192 கோடி கனமீட்டர் துளைவெளி வேண்டும். பாறையில் ஐந்தில் ஒரு பங்கு துளை, அடுக்கின் கனம் 50 மீட்டர் என்றால், பரப்பு ஏறத்தாழ 190 சதுர கிலோமீட்டர் வருகிறது. இவை அனைத்தும் எடுத்துக்காட்டுக்கான அனுமானங்களே. நில அதிர்வு ஆய்வும் சோதனைத் துளையும் முடிந்த பிறகே உண்மையான எண் கிடைக்கும். ஆனாலும் இந்தத் தோராயத்தைக்கூடப் போடாமல் ஆலைகளிடம் ஒப்பந்தம் பேசப் போவது, குளம் இருக்கிறதா என்று பாராமல் வாய்க்கால் வெட்டுவதாகும்.

யாரிடமிருந்து, எவ்வளவு

அடுத்து, வாயு கிளம்பும் இடங்களைக் கணக்கெடுக்க வேண்டும். இதில் அளவைவிடச் செறிவைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனெனில் பிடிப்பதற்கான செலவு அதைப் பொறுத்தே ஏறும், இறங்கும். நிலக்கரி அனல்மின் புகையில் கரியமில வாயு 12 முதல் 14 விழுக்காடு. சிமெண்ட் சூளைப் புகையில் 20 விழுக்காட்டை ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கும். சர்க்கரை ஆலையோடு சேர்ந்த சாராய வடிப்பாலையின் நொதிப்புத் தொட்டியிலிருந்து வருவதோ ஏறக்குறைய முழுவதும் கரியமில வாயுதான். ஈரத்தை நீக்கி அழுத்தினால் போதும்.

நம் வட்டாரத்தில் முதலில் கண்ணில் படுவது மேட்டூர் அனல்மின் நிலையம். 210 மெகாவாட் அலகுகள் நான்கும் 600 மெகாவாட் அலகு ஒன்றும் சேர்ந்து 1,440 மெகாவாட். ஆண்டில் சராசரியாக 60 விழுக்காடு திறனில் ஓடுவதாகவும், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு கிலோவை ஒட்டிய வாயு வருவதாகவும் வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 70 லட்சம் டன்னுக்கு மேல் போகும். இந்த ஒற்றை எண்ணைப் பார்த்ததுமே திட்டம் தீட்டுவோர் மயங்கிவிடுகிறார்கள். நான்கு பழைய அலகுகளும் 1987க்கும் 1990க்கும் இடையில் ஓடத் தொடங்கியவை. அவற்றின்மேல் பிடிப்பு நிலையம் கட்டி, அதன் கடனை இருபது ஆண்டு அடைப்பதாகக் கணக்கு எழுதினால், கடன் முடியும் முன் கொதிகலன் முடிந்துவிடும். கனடாவின் பவுண்டரி டேம் நிலையத்தில் 2014இல் ஒரு பழைய அலகை முழுவதுமாகப் புதுப்பித்துத்தான் பிடிப்பைத் தொடங்கினார்கள். அப்படியும் திட்டமிட்ட ஆண்டுக்கு 10 லட்சம் டன்னைப் பெரும்பாலான ஆண்டுகளில் எட்டவில்லை. டெக்சாஸின் பெட்ரா நோவா பிடிப்பு நிலையம், பிடித்த வாயுவை எண்ணெய் எடுக்கப் பயன்படுத்தியதால், 2020இல் எண்ணெய் விலை சரிந்ததும் நின்றுபோய், 2023இல்தான் மீண்டும் ஓடியது. அதுவுமன்றி, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாலைகள் உடுமலைப் பக்கம் வரிசையாக நிற்கும் வட்டாரம் இது. அனல்மின் நிலையத்தின் ஓட்டத்தைக் குறைப்பதற்கான வேறு வழிகளோடு ஒப்பிட்ட பிறகே அதன் வாயுவைப் பிடிப்பது பற்றிப் பேச வேண்டும். புதிய 600 மெகாவாட் அலகை மட்டும், குழாய் வந்தபின் சேரக்கூடிய உறுப்பினராகக் குறித்து வைக்கலாம்.

சிமெண்டின் கதை வேறு. சுண்ணாம்புக்கல்லின் எடையில் 44 விழுக்காடு கரியமில வாயு. கல்லைச் சுட்டால் அது வெளியேறியே தீரும். அடுப்பில் நிலக்கரிக்குப் பதில் காற்றாலை மின்சாரத்தையே எரித்தாலும் இந்தப் பங்கு குறையாது. ஆகையால் 1934 முதல் இருந்துவரும் மதுக்கரை ஆலை, சங்ககிரி, கரூரை அடுத்த புலியூர் ஆகிய இடங்களின் ஆலைகளுக்கே இந்தத் திட்டம் உண்மையில் தேவைப்படுகிறது. நார்வேயின் பிரெவிக் சிமெண்ட் ஆலை 2025இல் ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும் நிலையத்தைத் திறந்தபோது, ஆலையின் மொத்தப் புகையில் ஏறத்தாழ பாதியைத்தான் எடுத்துக்கொண்டது, அதுவும் சூளையின் கழிவு வெப்பம் எவ்வளவுக்குப் போதுமோ அவ்வளவுக்கு. இது பின்பற்றத்தக்க அடக்கம்.

மேச்சேரி அருகே பொட்டனேரி உருக்காலையின் ஊதுலைப் புகையையும், புகளூர்க் காகித ஆலையையும், பள்ளிபாளையம் காகித ஆலையையும் இரண்டாம் வரிசையில் எழுதுங்கள். புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்வதால், அங்கே பிடிக்கப்படும் வாயுவில் ஒரு பங்கு பயிர் காற்றிலிருந்து எடுத்ததே ஆகும். அதை நிலத்தடியில் அடைத்தால் காற்றிலிருந்தே குறைத்த கணக்கு வரும். சேலம் உருக்காலை என்ற பெயரைக் கண்டு பட்டியலில் சேர்க்கக் கை போகும். அங்கே இருப்பது மின்வில் உலை என்பதால் அதன் சுமை பெரும்பாலும் மின்கட்டணச் சீட்டில்தான் இருக்கிறது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் விறகுக் கொதிகலன்களும் அப்படியே விடப்பட வேண்டியவை, சிறியவை, சிதறியவை.

சத்தியமங்கலம், ஆப்பக்கூடல் பக்கத்துச் சர்க்கரை ஆலைகளை ஒட்டிய வடிப்பாலைகளிடமிருந்து தொடங்குவதே எளிது. நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் எத்தனால் வடித்தால் ஏறக்குறைய 75 டன் கரியமில வாயு வரும். அதைத் திரவமாக்கிச் சோடாக் கம்பெனிக்கும் வார்ப்பாலைக்கும் விற்கலாம், ஆனால் சோடாவில் அடைத்த வாயு மூடியைத் திறந்ததும் வெளியே வந்துவிடுகிறது. விற்பனையைச் சேமிப்பாகக் கணக்கில் எழுதக்கூடாது. தூத்துக்குடியில் ஒரு ரசாயன ஆலை நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் வரை பிடித்துச் சோடா உப்பு செய்யும் வசதியை 2016இல் அமைத்தது. பிடிக்கும் தொழில்நுட்பம் நம் மாநிலத்திலேயே ஓடியிருக்கிறது என்பதற்கு அது சான்று. அடைப்பதற்கு இன்னும் சான்று இல்லை.

பிடிப்பு நிலையத்தின் பசி

இன்று கைவந்த முறை அமைன் என்னும் வேதிப்பொருளின் கரைசல்தான். புகையை 40 டிகிரிக்குக் குளிரவைத்துக் கரைசலின் ஊடே விட்டால் அது கரியமில வாயுவைப் பற்றிக்கொள்ளும். பிறகு கரைசலை 120 டிகிரிக்குச் சூடாக்கினால் வாயுவை விட்டுவிடும். ஒரு டன் வாயுவுக்கு 3 கிகாஜூலை ஒட்டிய வெப்பமும், அதைக் குழாய்க்கு ஏற்ற அழுத்தத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 100 யூனிட் மின்சாரமும் செலவாகும். நிலக்கரி மின்நிலையத்தில் இது மொத்த உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விழுங்கிவிடும். புகையில் கந்தகம் இருந்தால் அமைன் கெட்டு உப்பாகிவிடும் என்பதால், கந்தகம் நீக்கும் கருவி ஆலையில் இருக்கிறதா, இல்லையெனில் அதன் செலவை யார் ஏற்பது என்பதை முதலிலேயே கேளுங்கள்.

வெளிநாட்டு வடிவமைப்பை அப்படியே இங்கே கொண்டுவந்தால் இரண்டு இடத்தில் இடறும். ஒன்று, புகையை 40 டிகிரிக்குக் குளிர்விப்பது. சித்திரையில் மாநிலத்தின் அதிக வெப்பப் பட்டியலில் அடிக்கடி இடம்பெறும் கரூர் பரமத்தியில் வெளிக்காற்றே 40 டிகிரியைத் தொடும்போது, காற்றை வைத்துக் குளிர்விப்பது நடவாது, தண்ணீர் வேண்டும். தண்ணீர் என்றால் காவிரி, பவானி, அமராவதி. ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமா என்று டெல்டா முழுவதும் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆண்டுகளில், பிடிப்பு நிலையத்துக்குக் கூடுதல் ஒதுக்கீடு கேட்பது பெரும் சண்டையாகும். ஆலையின் இப்போதைய ஒதுக்கீட்டுக்குள்ளேயே, கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தி முடிக்க முடியுமா என்று பார்ப்பதே வழி. முடியாவிட்டால் பிடிப்பின் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது இடறலைக் குழாயோடு சேர்த்துச் சொல்கிறேன்.

குழாயும் லாரியும்

திரவக் கரியமில வாயுவைக் குளிர்காப்பு டேங்கர் லாரியில் ஒரு நடைக்கு 20 டன் எடுத்துச் செல்லலாம். நாமக்கல்லும் சங்ககிரியும் லாரித் தொழிலுக்குப் பேர் போன ஊர்கள் ஆகையால் வண்டிக்கும் ஓட்டுநருக்கும் பஞ்சமில்லை. மேலே சொன்ன வடிப்பாலைக்கு நாளுக்கு நான்கு லாரி போதும். ஆனால் 3,000 டன் கிளிங்கர் ஆலை தன் புகையில் பத்தில் ஒன்பது பங்கைப் பிடித்தால், நாளுக்கு 2,300 டன். அதற்கு 115 லாரி போகவும், 115 லாரி திரும்பவும் வேண்டும். சோதனைக் காலத்துக்கு லாரி, பெருந்திட்டத்துக்குக் குழாய் என்று பிரித்துக்கொள்ளலாம்.

குழாயின் கணக்கு கூட்டுறவுக்குச் சாதகமானது. விட்டத்தை இரு மடங்காக்கினால் ஓட்டம் ஐந்து, ஆறு மடங்கு கூடும். செலவு அந்த அளவுக்குக் கூடாது. கரூரிலிருந்து நாகப்பட்டினம் சாலை வழியே சுமார் 220 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் ஒரு சிமெண்ட் ஆலை தனக்கென்று குழாய் போட முடியாது, நான்கு பேர் சேர்ந்தால் முடியலாம். அப்போது கிளம்பும் கேள்வி, முதலில் வரும் இருவர் பின்னால் வரப்போகும் இருவருக்கும் சேர்த்துப் பெரிய குழாய் போடும் பணத்தை யார் தருவது என்பது. அரசோ, அரசு சார்ந்த குழாய் நிறுவனமோ அந்தக் கூடுதல் விட்டத்துக்கான முதலீட்டை ஏற்று, பின்னால் சேருவோரிடம் வாடகையாக வாங்கிக்கொள்வதைத் தவிர நடைமுறையில் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இப்போது இரண்டாவது இடறல். வட ஐரோப்பாவில் புதைகுழாயைச் சுற்றியுள்ள மண் 10 டிகிரியை ஒட்டி இருக்கும். நம் ஊர் மண்ணோ 30 டிகிரி. கரியமில வாயு நிலை மாறும் 31 டிகிரிக்கு மிக அருகிலேயே குழாய் முழுவதும் ஓடும் என்பது இதன் பொருள். அந்த எல்லையில் அழுத்தம் கொஞ்சம் இறங்கினாலோ, கம்ப்ரெசரிலிருந்து வரும் வாயு கொஞ்சம் சூடாக இருந்தாலோ அடர்த்தி சட்டென்று சரிந்து, ஓட்டத்தின் கணக்கே மாறிவிடும். அதனால் வழியில் எந்த இடத்திலும் அழுத்தம் 100 பாருக்குக் கீழே இறங்காதபடி இடைநிலை அழுத்த நிலையங்களை அமைப்பதும், வாயுவை நன்றாகக் குளிர்வித்த பிறகே குழாய்க்குள் விடுவதும் வடிவமைப்பின் முதல் விதியாக இருக்கட்டும்.

அடுத்தது தரம். ஈரமுள்ள கரியமில வாயு அமிலமாகி எஃகைத் தின்றுவிடும். ஆலைகளிலிருந்து வரும் வாயுவை வாங்கிக் கடலடியில் அடைக்கும் நார்வேயின் நார்தர்ன் லைட்ஸ் திட்டம், கொண்டுவரும் வாயுவில் பத்து லட்சத்தில் 30 பங்குக்கு மேல் ஈரமும் 10 பங்குக்கு மேல் ஆக்சிஜனும் இருக்கக்கூடாது என்று விதித்தது. பொதுக் குழாயில் ஒருவர் தவறினால் எல்லாருக்கும் கேடு. திருப்பூரில் நான் வேலை பார்த்த ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில், உறுப்பினர் பட்டறை ஒன்று ஓர் இரவு வடிகட்டாத சாயக்கழிவைத் திறந்துவிட்டது. ஆர்ஓ சவ்வுகள் அடைத்துக்கொண்டன. மூன்று வாரம் நிலையம் நின்றது. நின்ற நாள்களுக்கு எல்லாப் பட்டறைகளும் சேர்ந்து இழந்தன. தவறியது யார் என்று மீட்டர் காட்டவில்லை, ஏனென்றால் மீட்டர் அளவைத்தான் காட்டியது, தரத்தைக் காட்டவில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்கும் ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதற்கும் பின்னால் இதுபோன்ற நூறு இரவுகள் இருக்கின்றன. ஆகவே ஒவ்வோர் ஆலையின் வாசலிலும் ஈரத்தையும் ஆக்சிஜனையும் கந்தகத்தையும் இடைவிடாது அளக்கும் கருவியும், அளவு மீறினால் தானாக மூடிக்கொள்ளும் வால்வும் இருக்க வேண்டும். அந்த வால்வின் சாவி ஆலையிடம் இருக்கக்கூடாது. இந்த ஒரு வரிக்காக ஒப்பந்தப் பேச்சு ஆறு மாதம் நீண்டாலும் நீளட்டும்.

காடு தோட்டம் வழியே

கொச்சி–பெங்களூரு எரிவாயுக் குழாய் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்களின் விளைநிலத்தின் ஊடே வந்தபோது நடந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். 2013இல் மாநில அரசு நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னது; வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2016 பிப்ரவரியில் நிறுவனத்துக்குச் சாதகமாக முடிந்தது; தீர்ப்பு வந்தும் தோட்டங்களில் எதிர்ப்பு ஓயவில்லை. பின்னர் புகளூருக்கு வந்த உயர் மின்னழுத்தத் தடத்தின் கோபுரங்களுக்கும் அதே எதிர்ப்பு. 1962ஆம் ஆண்டின் குழாய்ச் சட்டப்படி நிலம் உரிமையாளர் பெயரிலேயே இருக்கும், பயன்பாட்டு உரிமை மட்டும் எடுக்கப்படும், அதற்கு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு இழப்பீடு. அந்தப் பட்டையில் கட்டடம் கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் வைக்கவோ கூடாது. தென்னந்தோப்புக்காரருக்கு இது தோப்பின் நடுவே ஒரு தரிசுக் கோடு. மேலும், அச்சட்டம் பெட்ரோலியத்துக்கும் கனிமங்களுக்கும் எழுதப்பட்டது; கரியமில வாயுவைப் பெயர் சொல்லி எழுதப்படவில்லை. அதை நீட்டித்துப் பயன்படுத்துவதா, தனிச் சட்டம் கேட்பதா என்பதை அரசின் முன் வெளிப்படையாக வைக்க வேண்டும்.

தடத்தை முதல் வரைவிலேயே நெடுஞ்சாலை ஓரமாகவும் ரயில் பாதை ஓரமாகவும் வரைந்து, எங்கெல்லாம் அது முடியாதோ அந்த இடங்களுக்கு மட்டும் காரணம் எழுதிக் கிராம சபையில் வைக்க வேண்டும் என்பது என் பரிந்துரை. சுற்றி வருவதால் கூடும் கிலோமீட்டருக்கான செலவு, மூன்று ஆண்டு வழக்காடும் செலவைவிடக் குறைவு.

பாதுகாப்பைப் பற்றி மழுப்பாமல் பேசுங்கள். 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சட்டார்ஷியா என்ற சிற்றூர் அருகே, மழையில் மண் சரிந்து கரியமில வாயுக் குழாய் உடைந்தது. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான வாயு தாழ்வான பகுதியில் படிந்தது. கார்கள் ஓடும்போதே நின்றுபோயின. சுமார் 200 பேரை வெளியேற்றினார்கள். 45 பேர் மருத்துவமனை சென்றார்கள். எவரும் இறக்கவில்லை என்பது ஆறுதல். இதைச் சொன்னதும் எங்கள் பக்கத்து விவசாயி ஒருவர் கூட்டத்தில் எழுந்து கேட்டார்: "சரிங்க, ஓடைப் பள்ளத்துல படியும்னு சொல்றீங்க. அப்ப கெணத்துக்குள்ள எறங்கி நிக்கிறவன் கதி என்னங்க?" எந்த வெளிநாட்டு அறிக்கையிலும் இல்லாத கேள்வி அது. கொங்கு நாட்டின் அகன்ற திறந்தவெளிக் கிணறுகள் அறுபது, எழுபது அடிக்குக் குறையாதவை. தூர் வார இறங்குமுன் விளக்கை இறக்கி, அணைகிறதா என்று பார்த்த பழக்கம் பெரியவர்களுக்கு உண்டு. காற்றில் பத்து விழுக்காடு கரியமில வாயு இருந்தாலே சில நிமிடங்களில் நினைவு தப்பிவிடும். எனவே கசிவு எப்படிப் பரவும் என்ற கணிப்பில், தடத்தின் இருபுறமும் உள்ள ஒவ்வொரு கிணற்றையும் ஓடையையும் பள்ளத்தையும் குறிக்க வேண்டும். தானாக மூடும் வால்வுகளை ஊர்ப்பகுதியில் நெருக்கமாக வைக்க வேண்டும். வாயுவில் மணம் சேர்ப்பது, தீயணைப்பு நிலையங்களுக்கு மூச்சுக்கருவி தருவது, ஊர் ஒலிபெருக்கியில் எந்தத் திசைக்கு, எந்த மேட்டுக்குப் போக வேண்டும் என்று அறிவிப்பது ஆகியவையும் திட்டச் செலவில் சேர வேண்டும்.

பணமும் பொறுப்பும்

வருமானம் என்று இதில் இயல்பாக எதுவும் இல்லை. 2023இல் அறிவிக்கப்பட்ட கார்பன் வரவு வணிகத் திட்டத்தில் சிமெண்ட், காகிதம் போன்ற துறைகளுக்கு உற்பத்தி அலகுக்கு இவ்வளவு என்று இலக்கு வைக்கிறார்கள். இலக்கைவிடக் குறைத்தால் விற்கக்கூடிய வரவு கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதிப் பொருள்களின்மேல் விதிக்கும் எல்லைக் கார்பன் வரி 2026 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் சிமெண்ட்டும் இரும்பும் உண்டு, துணி இல்லை. திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கத்திடம் போய் இதைக் காட்டிப் பணம் திரட்ட முடியாது. வரவின் விலையை நம்பி மட்டும் வங்கி கடன் தராது என்பதால், ஒரு டன்னுக்குக் குறைந்தது இவ்வளவு என்று அரசு உறுதி தரும் ஒப்பந்தத்தை முதலில் கேட்டுப் பெற வேண்டும்.

அடைத்த பிறகு யார் காவல் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். ஐரோப்பிய விதிப்படி, தளத்தை மூடியபின் பொதுவாகக் குறைந்தது இருபது ஆண்டு நடத்துநரே பார்த்துக்கொண்டு, அதன்பின் அரசிடம் ஒப்படைக்கலாம். அமெரிக்க விதியில் வழக்கமான காலம் ஐம்பது ஆண்டு. நம் நாட்டில் நிலத்தடிச் சேமிப்புக்கென்று தனிச் சட்டம் இல்லாத நிலையில், ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு தொகையைப் பிரித்து எடுத்து, எந்த ஆலையும் கைவைக்க முடியாத தனி நிதியில் போடும் ஏற்பாடு வேண்டும்.

முதல் ஆண்டில் செய்யக்கூடியவை குறைவானவை, மலிவானவையும்கூட. ஒவ்வோர் ஆலையிலும் கோடையில் ஒரு முறையும் மழைக்காலத்தில் ஒரு முறையும் புகையை எடுத்துச் சோதிப்பது, காவிரிப் படுகையில் முன்பே எடுக்கப்பட்ட நில அதிர்வு ஆய்வுத் தரவுகளை முறையாகக் கேட்டு வாங்குவது, ஒரு வடிப்பாலையோடு சிறு ஒப்பந்தம் செய்வது. இவற்றோடு, உத்தேசத் தடத்தின் இருபுறமும் உள்ள கிணறுகளின் கணக்கெடுப்பையும் தொடங்கிவிடலாம். கிணற்றின் ஆழம், கோடை நீர்மட்டம், தண்ணீரின் அமிலத்தன்மை, பைகார்பனேட் அளவு, அடியில் காற்றில் உள்ள கரியமில வாயுவின் அளவு ஆகியவற்றைக் குழாய் வருவதற்கு முன்பே எழுதி வைக்காவிட்டால், பின்னால் எந்த மாற்றத்தையும் எவராலும் நிறுவ முடியாது, மறுக்கவும் முடியாது. அளந்த தாளில் கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்திட்டதும் ஒரு பிரதியை நிலக்காரரிடமும் ஒன்றை ஊராட்சி அலுவலகத்திலும் கொடுத்துவிட்டு, மூன்றாவதை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.